சீட்டின் அடிப்பக்கம்

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு வரை சென்று திரும்பும் வழக்கமான சைக்கிள் பயிற்சியை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குளிக்கும்போது வலது தொடையின் உட்பக்கத்தில் சுள்ளென்று எரிந்தது. பார்த்தால், ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. கால்சட்டையின் தையல்தான் காரணம் என்று எண்ணி அடுத்த வாரம் வேறொன்றை அணிந்துகொண்டு போனேன். அதே இடத்தில் மறுபடியும் உரிந்தது. களிம்பை மாற்றினேன், சீட்டின் உயரத்தை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினேன். மூன்றாவது வாரமும் காயம் ஆறவில்லை.

தாராசுரம் சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நான் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போன காலத்திலிருந்தே பஞ்சர் ஒட்டித் தருபவர் அவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, சீட்டின் மூக்குக்கு, அதாவது குறுகலான முன்பகுதிக்கு, அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“இது உக்காந்து தேஞ்சது இல்ல தங்கச்சி. உக்காந்து தேஞ்சா மேல தேயும். இது எதுலயோ மாட்டி மாட்டித் தேஞ்சிருக்கு” என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக அந்த சீட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். அதன் அடிப்பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மேலுறை, மூக்கின் விளிம்பில் மடிந்து உள்ளே சென்று, அடியிலுள்ள கெட்டியான பிளாஸ்டிக் ஓட்டின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். அந்த மடிப்பு, மூக்கின் நுனியிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் குறுக்கு வாட்டத்தில் அறுந்துபோயிருந்தது. அறுந்த இடத்தின் இரு பக்கமும் உறை வெயிலில் காய்ந்த வாழைச் சருகைப் போல வெளிப்புறமாகச் சுருண்டு நின்றது. உள்ளிருந்த நுரை பழுப்பேறி, அமுக்கினால் பழைய வியர்வை கசிந்தது. வலப்பக்கச் சுருளின் நுனி விறைத்துக் கூராகியிருந்தது. மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் என் தொடையை அறுத்தது அந்த நுனிதான்.

நான் கலந்துகொள்ளும் டிரையத்லானில் பழக்கமில்லாதவர்களுக்கு அந்தக் கிழிசல் எப்படி நேர்ந்தது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்யும் பந்தயம் இது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது வைத்த தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அரை அயர்ன்மேன் எனப்படும் நீண்ட பந்தயத்தில் அவை முறையே 1.9, 90, 21.1 கிலோமீட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்துக்கு டிரான்ஸிஷன் என்று பெயர். அங்கே இடுப்புயரத்துக்குச் சற்று மேலாக நீண்ட இரும்புக் குழாய்களைத் தாங்கிகளின் மேல் வைத்திருப்பார்கள். சைக்கிளின் சீட்டைக் குழாய்க்கு மேலே தூக்கி, சீட்டுத் தண்டுக்கு முன்புறமாகக் குழாய் வரும்படி, மூக்கை அதன் மேல் மாட்டித் தொங்கவிட வேண்டும். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். முன்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். என் வண்டி ஒன்பது கிலோ. இரண்டு தண்ணீர்ப் புட்டிகளும் கருவிப் பையும் சேர்ந்தால் பதினொன்றுக்கு அருகில் வரும். அந்த எடையில் பெரும்பகுதியை மூக்கின் அடியிலுள்ள இரண்டு விரல் அகலமான ஓர் இடம் தாங்குகிறது.

என்னைப் போன்ற குள்ளமானவர்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். சிறிய அளவு வண்டியில் சீட்டின் உயரமும் குறைவாக இருப்பதால், குழாய் கொஞ்சம் உயரமாக அமைந்துவிட்டால் இரண்டு சக்கரங்களுமே தரையைத் தொடுவதில்லை. முழு எடையும் மூக்கில் தொங்குகிறது. பக்கத்தில் ஒருவர் தம் வண்டியை உருவும்போதெல்லாம் குழாய் அதிர்ந்து, என் வண்டி ஊஞ்சலைப் போல ஆடுகிறது. ஆடும் ஒவ்வொரு முறையும் மூக்கின் அடி குழாயில் அரைபடுகிறது. உயரமானவர்களின் வண்டிகள் அதே குழாயில் அசையாமல் நிற்பதை நான் பொறாமையோடு பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. காவிரிப் படுகை தட்டைப் போலச் சமமானது. கும்பகோணத்திலிருந்து பூம்புகார் வரை போனாலும் மேட்டில் ஏறவோ, எழுந்து நின்று மிதிக்கவோ ஓர் இடமும் கிடையாது. பாலங்களின் ஏற்றம் ஒன்றுதான். எனவே முன்னால் குனிந்து, முழங்கைகளை ஏரோ பாரில் (கைப்பிடிக்கு முன்னால் நீண்டிருக்கும் கம்பிகளில்) ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே நிலையில் போகிறோம். அந்த நிலையில் உடல் முன்னுக்கு நகர்ந்து, எடை சீட்டின் அகன்ற பின்பகுதியை விட்டு மூக்கின் மேல் வந்துவிடுகிறது. மேலிருந்து நான், கீழிருந்து குழாய் என்று இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம். மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு இதே கிழிசல் பல மாதம் தெரியாமல் போயிருக்கலாம். எனக்கு மூன்றே வாரத்தில் தொடையில் எழுதிக் காட்டிவிட்டது.

கடை அண்ணன் சொன்ன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதுவரை ஏழு பந்தயங்களில் கலந்துகொண்டிருந்தேன். ஒரு பந்தயத்துக்கு வண்டியை மூன்று முறை மாட்டுகிறோம்: முதல் நாள் மாலை ஒப்படைக்கும்போது, பந்தயக் காலையில் டயருக்குக் காற்றடித்த பிறகு, சைக்கிள் ஓட்டி முடித்துத் திரும்பும்போது. ஆக இருபத்தொரு முறை. இருபத்தொரு முறை மாட்டியதிலா நல்ல உறை அறுந்துபோகும் என்று நம்ப முடியவில்லை. அப்புறம்தான் வண்டியை மாட்டிப் பழக நாங்கள் கட்டிய குழாய் நினைவுக்கு வந்தது. அரசலாற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பில், நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, கட்டட வேலையில் கழித்த சாரக் குழாய் ஒன்றை இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டி வைத்திருந்தோம். ஞாயிறுதோறும் ஓட்டத்துக்கு முன் பத்துப் பன்னிரண்டு முறை மாட்டுவதும் உருவுவதுமாகப் பழகுவோம். அந்தக் குழாயைப் போய்த் தடவிப் பார்த்தேன். துருவோடு, பழைய சிமென்ட் துளித்துளியாக உறைந்து முரடேறிக் கிடந்தது. உப்புத்தாளில் போட்டுத் தேய்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. பந்தயங்கள் செய்த சேதத்தைவிட எங்கள் பயிற்சி செய்த சேதம் பல மடங்கு. அன்று மாலையே குழாயை அவிழ்த்துவிட்டு, கொள்ளிடக்கரையிலிருந்து வந்த ஒரு முற்றிய மூங்கிலைக் கணுக்களைச் சீவி மழமழப்பாக்கிக் கட்டினோம். இந்த விஷயத்தில் நான் செய்த காரியங்களிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

ஆனால் பந்தய இடத்திலுள்ள குழாயை நாம் மாற்ற முடியாது. பந்தலுக்கோ சாரத்துக்கோ வாடகைக்குக் கிடைக்கும் குழாய்களைத்தான் பெரும்பாலும் கொண்டுவருகிறார்கள். கடற்கரைப் பந்தயமாக இருந்தால் உப்புக் காற்றில் துரு பூத்து, ஈரமும் மணலும் அதன் மேல் ஒட்டியிருக்கும். எனவே சீட்டுக்குத்தான் கவசம் போட வேண்டும். அதைச் சரியாகச் செய்ய எனக்குப் பல மாதம் பிடித்தது. செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சுருண்டிருந்த உறையை உடனே ஒட்டும் பசையால் ஒட்டினேன். ஒட்டியது உண்மை, ஆனால் அந்தப் பசை காய்ந்ததும் கண்ணாடியைப் போல விறைத்துவிடும் தன்மையுடையது. சீட்டின் உறையோ ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து கொடுக்க வேண்டிய பொருள். இரண்டாவது சவாரியிலேயே பசை வெடித்து, விளிம்பு முன்னைவிடக் கூராகிவிட்டது. அடுத்து, மின்சார வேலைக்குப் பயன்படும் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். பங்குனி வெயிலில் அதன் பசை உருகி வழிந்தது. நெல் காயவைத்திருந்த சாலைகளில் பறந்த தூசியும் உமியும் அதில் அப்பிக்கொண்டன. பத்தே நாளில் சீட்டின் அடியிலேயே ஓர் உப்புத்தாளை உருவாக்கி வைத்திருந்தேன். மூன்றாவதாக, பழைய டியூபை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மூக்கின் மேல் உறையைப் போல மாட்டினேன். அடிப்பக்கத்துக்கு அது நல்ல காப்பு. மேல்பக்கத்தில் அது சரிப்பட்டு வரவில்லை. ரப்பர் கால்சட்டைத் துணியைக் கவ்விப் பிடிப்பதால் உடல் வழுக்கி நகர முடியாமல், தொடையின் இரு பக்கமும் கன்றிப்போயிற்று. நீந்திவிட்டு ஈர உடையோடு உட்கார்ந்தால் தண்ணீரும் உள்ளே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான், கும்பகோணம் பேருந்து நிலையத்துக்கு அருகில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். சீட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, அறுந்த மடிப்பை இரண்டு கட்டை விரல்களாலும் விரித்துப் பார்த்தார்.

“ஏம்மா, இதுல தைக்க எடமில்ல. ஒட்டுத்தான் போடணும். ஆனா விளிம்பு வரைக்கும் கொண்டாரப்படாது. செருப்புல கூட வார் ஓரத்துல ஒட்டுப் போட்டா கால கடிக்கும், பாத்திருக்கீங்கல்ல?”

“அப்ப எது வரைக்கும் போடலாம் ஐயா?”

“ஒரு சுண்டுவிரல் நகம் அகலம் விட்டுட்டு உள்ளார போடுங்க. குழாய் தொடுற எடத்துல தோல் இருக்கணும், காலு தொடுற எடத்துல இருக்கக் கூடாது.”

குழாய் தொடும் இடம் வேறு, கால் தொடும் இடம் வேறு என்று அவர் பிரித்துச் சொன்ன பிறகே எனக்கு வழி புலப்பட்டது. அவர் ஆட்டுத்தோலைச் சீவி மெல்லியதாக்கி ஒட்டித் தந்தார். வறண்ட காலத்தில் அருமையாக இருந்தது. ஆனால் நீச்சல் முடித்து நனைந்த உடையோடு ஏறும் பந்தயங்களில் ஈரத்தை உறிஞ்சி ஊதி, காய்ந்ததும் சுருங்கி, இரண்டு மாதத்தில் ஓரங்களில் எழும்பிவிட்டது. குறை பெரியவரின் கைவேலையில் இல்லை. நான் அந்தப் பொருளை வைத்த இடம் அப்படி. எனவே அவர் சொன்ன எல்லையை வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் மாற்றினேன். இப்போது செய்துவரும் முறை இதுதான்.

முதலில் எந்த இடத்தில் குழாய் படுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊகித்து ஒட்டாதீர்கள், நான் ஊகித்த இடம் ஒரு அங்குலம் தவறாக இருந்தது. மூங்கிலில் சுண்ணாம்புக்கட்டியை நன்றாகத் தேய்த்துவிட்டு, தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி வைத்த நிலையில் வண்டியை மாட்டி, நான்கு முறை ஆட்டிவிட்டு எடுத்தால், சீட்டின் அடியில் வெள்ளைத் தடம் விழும். அந்தத் தடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் கூட்டி அளவெடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு நாள் முழுவதும் நிழலில் உலரவிட்டு, பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கிறேன். வியர்வையின் உப்பும், தொடையில் பூசும் களிம்பின் எண்ணெயும் போகாவிட்டால் எந்தப் பசையும் நிற்காது. விளிம்பு மடிப்பின் மேல், கார்களின் பெயிண்டைக் காக்க ஒட்டும் பாலியூரித்தேன் ஃபிலிமில் ஒரு துண்டை ஒட்டுகிறேன். தஞ்சாவூரில் கார் அலங்காரக் கடையில் வெட்டி எறியும் ஓரத்துண்டே போதும். அது கண்ணாடி போல ஒளி புகுவது, மெல்லியது, வழவழப்பானது; தொடை பட்டாலும் தெரியாது. மூலைகளை வட்டமாக வெட்டிவிட வேண்டும். கூரான மூலை எதுவாக இருந்தாலும் ஒரு நாள் எழும்பியே தீரும். மூக்கின் வளைவில் சுருக்கம் விழாமல் இருக்க, தலைமுடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடேற்றி, நடுவிலிருந்து வெளிப்புறமாக விரலால் நீவி ஒட்டுகிறேன்.

பிறகு டியூப். சாதாரண சைக்கிளின் பழைய டியூபில் பஞ்சர் ஒட்டு இல்லாத பகுதியை வெட்டி, உள்ளே படிந்திருக்கும் வெள்ளைப் பவுடரைக் கழுவி, ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிக்கொள்கிறேன். ஃபிலிமின் மேல் ஒட்டாமல், அதற்கு உள்ளே, ஓட்டின் அடிப்பகுதியில், பெரியவர் சொன்ன நகத்தளவு இடைவெளி விட்டு ஒட்டுகிறேன். செருப்புக் கடைகளில் பயன்படுத்தும் ரப்பர் பசைதான் இதற்குச் சரி; காய்ந்த பிறகும் அது வளைந்து கொடுக்கும். இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்து, பிறகு ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் பசை இறுகாது. சில உறைகள் இந்தப் பசையின் கரைப்பானில் இளகிவிடும் என்பதால், கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே மற்ற இடத்தில் தடவுங்கள். ஒட்டிய பின் ஒரு நாள் வண்டியைத் தொடுவதில்லை.

மூக்கு இரண்டாகப் பிளந்த சீட் வைத்திருக்கும் எங்கள் குழுத் தோழிக்கு இதில் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. இரண்டு கிளைக்கும் சேர்த்து ஒரே துண்டாக முதலில் ஒட்டினோம். அந்தக் கிளைகள் தனித்தனியாக அசைவதற்காகவே பிளக்கப்பட்டவை. பாலம் போலிருந்த துண்டு ஒரே வாரத்தில் நடுவில் கிழிந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு கிளைக்கும் தனித் துண்டு.

கவசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கை சரியில்லையென்றால் நிற்காது. நான் தண்ணீரிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, தலைக்கவசத்தின் வாரைப் பூட்டியவுடன் வண்டியைக் கைப்பிடியில் பிடித்து இழுத்துவிடுவேன். வார் பூட்டாமல் வண்டியைத் தொடக் கூடாது என்ற விதி மட்டும் நினைவில் இருக்கும். எப்படித் தொடுவது என்று நினைத்ததே இல்லை. இழுக்கும்போது மூக்கின் அடி முழு நீளத்துக்கும் குழாயில் உராய்ந்துகொண்டு வருகிறது. இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, வலது கையைச் சீட்டின் பின்பக்கத்தில் கொடுத்து மேலே தூக்கி, குழாயை விட்டு விலகிய பிறகு நகர்த்தினால் உராய்வே இல்லை. எங்கள் தோப்பில் கைக்கடிகாரம் வைத்து அளந்து பார்த்தோம். இதற்கு ஒரு நொடிகூட அதிகமாகவில்லை. திரும்பி வரும்போது இன்னும் கவனம் வேண்டும். 90 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருகையில் தோள் துவண்டு கிடக்கும். வண்டியைப் போதிய உயரம் தூக்காமல் மூக்கின் நுனியால் குழாயை முட்டுவோம். ஃபிலிமின் முன்முனை பெயர்வதெல்லாம் அப்போதுதான். பிரேக் லீவர்களைக் குழாயில் மாட்டி நிறுத்தவும் பல பந்தயங்களில் அனுமதிக்கிறார்கள். ஏரோ பாரும் அதன் நடுவில் தண்ணீர்ப் புட்டியும் இருக்கும் வண்டியில் அது எளிதாக அமைவதில்லை என்பதால் நான் அதைப் பின்பற்றுவதில்லை.

முதல் நாள் மாலையே வண்டியை ஒப்படைக்க வேண்டிய நீண்ட பந்தயங்களில் இரவு முழுவதும் கடற்காற்றில் வண்டி ஆடும். முன்சக்கரம் தரையில் படுமானால், முன் பிரேக் லீவரைத் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டால் சக்கரம் உருளாது, ஆட்டம் பாதியாகக் குறையும். காலையில் அதை அவிழ்ப்பதை மறக்கவே கூடாது. நான் அணியும் கண்ணாடியின் மேல் ஒரு சிறு நூலைக் கட்டிவைத்து நினைவுபடுத்திக்கொள்கிறேன். வண்டி மாட்டும் இடத்துக்கு எண் ஒதுக்காத சிறிய பந்தயங்களில் குழாயின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுக்கிறேன். வண்டிகள் ஏறிய பிறகு குழாய் நடுவில் தொய்வதால், என் சிறிய வண்டியின் சக்கரம் அங்கே தரையை எட்டும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொங்கும்போது குழாய் மூக்கை மேல்நோக்கித் தள்ளுகிறது. சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், காலைக்குள் மூக்கு ஓரிரு டிகிரி நிமிர்ந்துவிடும். ஒருமுறை அப்படி நிமிர்ந்த சீட்டில் 40 கிலோமீட்டர் ஓட்டிய வலி ஒரு வாரம் இருந்தது. அன்றிலிருந்து கிளாம்பின் மீதும் தண்டின் மீதும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். கோடு உடையாமல் இருந்தால் சீட் அசையவில்லை என்று டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.

குழாயின் மேலேயே துண்டு கட்டினால் என்ன என்று கேட்கலாம். ஒரு பந்தயத்தில் கட்டினேன். தன் இடத்தை அடையாளம் வைப்பது விதிப்படி கூடாது என்பதால், காலையில் நடுவர் அதை அவிழ்த்து வைத்திருந்தார். அவர் செய்தது சரிதான். இதைச் செய்ய வேண்டியவர்கள் பந்தயம் நடத்துபவர்கள். எங்கள் மாவட்டத்தில் சிறுவர்களுக்காக ஒரு சிறிய பந்தயம் நடத்த நாங்கள் உதவியபோது, வயல்களில் மோட்டாருக்குப் போட்டுப் பழசாகிப்போன ரப்பர் ஹோஸ்களை விவசாயிகளிடம் கேட்டு வாங்கி, நெடுக்கு வாட்டத்தில் கீறிக் குழாய்களின் மேல் கவ்வ வைத்தோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதால் அது அடையாளமும் ஆகாது. பிள்ளைகள் கொண்டுவந்திருந்தவை பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ ஓட்டிக் கொடுத்த வண்டிகள். அவற்றின் சீட்டுகளுக்கு அன்று ஒரு கீறலும் விழவில்லை.

பழைய சீட்டைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அறுந்த இடத்தில் மெல்லிய ரெக்சின் ஒட்டி, அதைப் பயிற்சி வண்டிக்கு மாற்றிவிட்டேன். புதிய சீட் வந்து பதினான்கு மாதமாகிறது. சென்ற மாதம், ஐந்தாவது பந்தயத்துக்குப் பிறகு, டியூப் துண்டை உரித்துப் பார்த்தேன். ரப்பரின் நடுவில் விரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்து, ஓரிடத்தில் ஊசித் துளையாக ஓட்டையாகியிருந்தது. அதற்கு அடியில் இருந்த உறை, கடையிலிருந்து வந்த நாளில் இருந்த அதே கறுப்பில், மடிப்புக் கலையாமல் இருந்தது. புதுத் துண்டை வெட்டி, பசை தடவி, பதம் வரக் காத்திருந்தேன்.